பாடு போனது

காலை எட்டரைக்கு ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்தேன். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நெட்டுக்குப்பத்தில் அன்று கருத்துக் கேட்புக் கூட்டம். ஆற்று முகத்துவாரத்தில் மண் கொட்டிக் கிடங்கு கட்டலாமா என்று அரசு மக்களைக் கேட்கப்போகிறதாம். கேட்கிற அழகைப் பார்க்கலாமே என்றுதான் கும்பகோணத்துக்காரனான நான் கிளம்பினேன்.

எதிர் இருக்கையில் எல்லம்மா. நெட்டுக்குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். காசிமேட்டில் இறால் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார். அவரும் கூட்டத்துக்குத்தான்.

"எங்க வூட்டுக்காருக்கு மைக்குன்னா பேஜாருண்ணா. அதான் நானு பேசப்போறேன். பாடு பத்தி."

"பாடுன்னா, கஷ்டமாம்மா?"

சிரித்துவிட்டார். "அய்ய, கஷ்டம் இல்லண்ணா! ஆத்துல எங்க வலை கட்றது, எந்த வூட்டுக்கு என்னிக்கு மொறைன்னு கீதுல்ல, அதான் பாடு. இன்னிக்கு நானு, நாளைக்கு நீ. சாவு வூடுன்னாக்கூட அவுங்க பாட்ட எவனும் தொடமாட்டான்."

முன்பு ஒரு கரையில் மண் கொட்டியபோதே அவர்கள் வீட்டுப் பாடு போய்விட்டதாம். இப்போது கொழுந்தனாருக்கு வரும் பாடு ஒன்றை வைத்துத்தான் இரண்டு குடும்பமும் சாப்பிடுகிறது. "அதுவும் பூடுச்சுன்னா எங்க வூட்டுக்காரு சாத்தாங்காடு மார்க்கெட்டுல இரும்பு தூக்கத்தான் போணும். அவரு முதுவு தாங்காதுண்ணா" என்றார். அப்போது சிரிப்பில்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைத்தேன். கரித்தூசியில் உள்ளங்கை கறுத்துவிட்டது. "தொடாதண்ணா, கலீஜ்" என்று முந்தானையால் துடைக்க வந்தார். எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். வழியெல்லாம் லாரி வரிசை. ஆறு தெரிந்த இடத்தில் தண்ணீர், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் விட்ட பாத்திரத்தின் நிறத்தில் கிடந்தது.

பத்தரை மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மேடையில் பெரிய பேனர்: 'நிலையான வளர்ச்சி, அனைவருக்கும்.' எல்லம்மா மைக்கைப் பிடித்தார். "அங்க மண்ணு கொட்னப்புறம் எங்க பாடு பூடுச்சு சார்..." பேச்சு அங்கேயே உடைந்து அழுதார். மைக் அடுத்தவர் கைக்குப் போனது.

முடிவில், பேசியவற்றின் சுருக்கத்தை ஒரு இளம் அதிகாரி வாசித்தார். வெளியூர்க்காரர், நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தார். "முந்தைய திட்டத்தால் தங்கள் பாடு நீங்கியதாகப் பெண்மணி ஒருவர் ஆனந்தக் கண்ணீருடன் தெரிவித்தார்."

அடப்பாவி!

"சார், தப்பு சார்!" என்று எல்லம்மா எழுந்தார். "பாடு பூடுச்சுன்னா பொழப்பு பூடுச்சு சார்!"

அதிகாரி பதறித்தான் போனார். "மன்னிச்சிடுங்கம்மா. 'மீன்பிடி இடம்'னு மாத்திக்கட்டுமா?"

"எடம்னு போட்டா நஷ்டஈடு குடுத்து முடிச்சிடுவீங்க. மொறைக்கு இன்னா சார் குடுப்பீங்க?"

அவர் மேடையைப் பார்த்தார். மேடை கடிகாரத்தைப் பார்த்தது. "சரிம்மா, பொதுவா 'பாதிப்பு'ன்னு போட்டுக்கறேன்." கூட்டம் முடிந்தது.

எங்கள் ஊர் வாய்க்காலிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். அந்த முறை சர்க்காருக்குத் தெரியும். மடை திறக்க ஆளே போட்டிருக்கிறது. இந்த ஆற்றின் முறை மட்டும் எந்த இலாகாவின் கண்ணிலும் படவில்லை. ஆற்றைத் தீர்த்துவிடாமல் பங்கிட்டுச் சாப்பிடத் தெரிந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேடையில் வளர்ச்சி பேசுகிறார்கள். தில்லியில் எத்தனை வளர்ச்சி இலக்கு எழுதினால் என்ன? திட்டம் போடுமுன் இங்கே வந்து ஒரு பாடு முழுக்கப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டாமா? முடிவெடுத்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர் கேட்பதா?

என்னை ஆட்டோ ஏற்றிவிட எல்லம்மா தெருமுனைவரை வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"பாதிப்புன்னு போட்டுட்டாருல்லண்ணா? அதப் பட்ச்சா, மேல கீறவங்களுக்கு எங்க பாடு புரிஞ்சிடும்ல?"

"புரியும்மா" என்றேன். ஆட்டோ கிளம்பும்வரை அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.