பெட்டைக்கோழியோடு வந்த மருமகன்

என் மருமகன் சீனாவின் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர்; மியாவ் இனத்தவர். வைட்ஃபீல்டில் என் மகளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. கல்யாணமான புதிதில் மகள் அவர் ஊர் வழக்கங்களைச் சொல்வாள். அங்கே ஆண்பிள்ளைக்கு மூங்கில் குழல் ஊதத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளிக்கு மாட்டுக்கொம்பில் அரிசி மது ஊற்றித் தர வேண்டும். முதல் குழந்தை பிறந்தால் தகப்பன் தானே மலை இறங்கிப் போய், மாமனார் வாசலில் கோழியோடு நிற்க வேண்டும். சேவல் என்றால் பையன், பெட்டை என்றால் பெண். அவருக்கு முந்தி வேறு யாரும் செய்தி சொல்லக் கூடாது.

"ஃபோன் வந்ததே தெரியாத ஜனங்க போலிருக்கு," என்று நான் சிரித்தேன். மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாரைப் பார்த்தும் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு ஆண்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. தீட்டு கழியட்டும் என்றார் அப்பா. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பெயர் வைக்கிற அன்று பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தேன். எழுந்து போய் இலையில் உட்கார்ந்தேன். தகப்பனாக நான் செய்த காரியம் அவ்வளவுதான். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் சம்பிரதாயம் என்று பெயர் வைத்திருந்தோம்.

போன வருஷம் ஒரு காலையில் ஜயநகரில் என் வீட்டெதிரே ஆட்டோ நின்றது. மருமகன் இறங்கினார், கையில் கால் கட்டிய கோழியோடு. நீலசந்திரா கோழிக்கடை வரை போய் அதை வாங்கி, மெட்ரோவில் விடமாட்டார்கள் என்று ஆட்டோவிலேயே வந்திருக்கிறார். எங்களுடையது முட்டைகூட நுழையாத வீடு. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மாமா, பெட்டை," என்றார் அவர், மகள் சொல்லிக்கொடுத்த தமிழில், முகமெல்லாம் சிரிப்பாக.

"கறிக்கடை அடுகோடிப் பக்கம் இருக்கு. இங்க எதுக்கு வந்தீங்க?" என்று சொல்லிவிட்டு கிரில் கதவைப் பூட்டினேன்.

அவர் எதற்கு வந்தார் என்று புரியவில்லை எனப் பிற்பாடு மகளுக்குச் செய்தி அனுப்பினேன். பொய். அவர் வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் பூட்டினேன். எதிர்வீட்டுக்காரி என்ன நினைப்பாள் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. படித்த மனிதனின் தராதரம் இவ்வளவுதான்.

மகள் பதில் போடவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. பேத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாமல் மாதங்கள் போயின. கடைசியில் ஒருநாள் ஃபோனை எடுத்தாள்.

"நீங்க கோழியை வாங்கிண்டு அவனை உள்ள உக்கார வெச்சேள்னு அவனோட அப்பாகிட்ட சொல்லியிருக்கான். உங்க மானத்துக்காகப் பெத்த அப்பாகிட்ட பொய் சொன்னான். குழந்தையைப் பாக்கணும்னா அவன்கிட்ட கேளுங்கோ. என்கிட்ட கேக்காதீங்கோ."

போன மாதம் வைட்ஃபீல்ட் போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான். குழந்தையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அன்றைக்குப் புரிந்துதான் பூட்டினேன் என்று வாசலிலேயே சொன்னேன்.

"தெரியும் மாமா," என்றார். கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, "வாங்க," என்றார்.

முதுகில் கட்டிய துணியை அவர் அவிழ்க்கவில்லை. குழந்தையைக் கையில் தரச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவர் திரும்பி உள்ளே நடந்தபோது பேத்தியின் முகத்தைப் பார்த்தேன்.