புகை உள்ளே வரும் வழி

என் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். அந்தமானின் வடகோடியில், திக்லிபூரில் இருந்தோம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால், இனியும் திக்லிபூரில் காத்திருக்க வேண்டாம், போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பேருந்தில் அவளால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. ஆகவே தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பைப் பேசி, பின்னிருக்கையில் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்துப் புறப்பட்டோம். அவள் கணவருக்குக் கார் நிக்கோபார் தீவில் வேலை. வழிப்பயணத்தின் பொறுப்பு முழுவதும் என்னுடையது.

ரங்கத் என்ற ஊரைத் தாண்டிய ஏற்றங்களில் ஜீப் திணறத் தொடங்கியது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டிவந்தார்; அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ஒரு சீறல் கேட்டது; பின்னால் கரும்புகை எழுந்தது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று எஞ்சினுக்குள் முழுதாகப் போகாமல் எங்கோ கசிகிறது, டீசல் சரியாக எரியவில்லை, வேறொன்றுமில்லை என்றார். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். சற்று நேரத்தில் தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, புகை நாத்தம் அடிக்குது. தலை வலிக்குது."

அந்த வலி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ரத்த அழுத்தமாக இருந்தால் ஒரு நிமிடமும் நிற்காமல் விரைய வேண்டும். வண்டிக்குள் நுழையும் புகையாக இருந்தால் அந்த வண்டியில் அவளை ஏற்றவே கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, அவள் நனையாமல் என் துப்பட்டாவைப் பிடித்தபடி பாராடாங் படகுத்துறை வரை வந்தேன்.

அக்கரையில் கான்வாய் காத்திருக்கும். பழங்குடியினரின் காட்டைக் கடக்க, குறித்த நேரங்களில் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. அந்த விதியை நான் மனதார ஆதரிப்பவள். கல்லூரியில் அதற்காக வாதாடியதும் உண்டு. எஞ்சின் நடுக்காட்டில் படுத்துவிட்டால் எங்களுக்குப் பின்னால் அத்தனை வண்டிகளும் அந்த மனிதர்களின் வாசலில் நின்றுவிடும். தங்கைக்கு மூச்சு முட்டினாலும் இறக்கிவிட இடமிருக்காது. படகில் ஏறும் முன்பே வண்டியைப் பார்த்துவிடச் சொன்னேன்.

படகுத்துறைக்கு அருகே ஒரு பஞ்சர் கடை இருந்தது. அண்ணன் காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயை டயர் வால்வு பொருத்திய ஒரு டப்பாவால் அடைத்தார். கம்ப்ரசரிலிருந்து மெதுவாகக் காற்றை விட்டு, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீரை ஊற்றினார். ஒரு ரப்பர் ஹோஸின் அடியில் நுரை கொப்பளித்தது. கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் எண்ணெயில் ஊறி, களியாகக் குழைந்திருந்தது. மெயின்லாண்டிலிருந்து அசல் ஹோஸ் கப்பலில் வரத் தாமதமானதால், டிங்கிப் படகின் எஞ்சினுக்குக் கடல்நீர் ஏற்றும் ஹோஸை அவரே வெட்டிப் போட்டிருந்தார். உப்புநீரைத் தாங்கும் அந்த ரப்பர், டர்போ காற்றோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்கவில்லை.

கெட்ட முனையை வெட்டி, டியூப் ரப்பரைச் சுற்றிக் கிளாம்பால் இறுக்கினார். "ஹோ கயா, முடிஞ்சுது தங்கச்சி. ஏறுங்க, கான்வாயப் புடிச்சிரலாம்."

காற்றுக் கசிவு சரியானது. ஆனால் உள்ளே வந்த புகை நாற்றத்துக்கு அது எப்படிக் காரணமாகும் என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி வைத்தால் போதும், சலேகா, சமாளித்துவிடலாம் என்றார். புகைக்குழாய் இணைப்புகளையும் பாருங்கள் என்றேன். நெருப்பாகக் கொதிக்கிறது, ஆறிய பிறகுதான் கைவைக்க முடியும், அதற்குள் கான்வாய் போய்விடும் என்றார்.

கையோடு கொண்டுவந்த கருவியில் தங்கையின் அழுத்தத்தைப் பார்த்தேன். காலையில் காட்டிய அளவுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து வலி குறைந்திருப்பதாகவும் சொன்னாள். நான் அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"குறையும், மறுபடி ஏறும். பிரஷரா இருந்து நேரம் போச்சுன்னா யாரு ஜவாப் சொல்றது?"

தங்கைதான் பேசினாள்.

"ரெண்டு பேரும் என்னை நடுவுல வெச்சுப் பட்டிமன்றம் நடத்தாதீங்க. புகையை நிறுத்துங்க அண்ணே, ஏறுறேன். இல்லன்னா இந்த பெஞ்சுலயே பெத்துக்கிறேன்."

கான்வாய்க்குப் போகும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு படகு போயிற்று. சூடு ஆறும்வரை அவள் கைவிரல்கள் வீங்குகின்றனவா, பார்வை மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அண்ணன் புகைக்குழாயை மூடியிருந்த தகட்டைக் கழற்றினார். டர்போவும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் புகை கசிந்து கரி தீற்றியிருந்தது. ஒரு நட்டைக் காணோம். மற்றொன்று விரலாலேயே சுழன்றது. அவர் பஞ்சர் கடையின் துருப்பிடித்த டப்பாவைத் துழாவி, பொருந்தும் நட்டு ஒன்றை எடுத்துப் போட்டு, இரண்டையும் இறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் பின்முனையை ஈரச்சாக்கால் ஒரு கணம் என்னைப் பொத்தச் சொன்னார். கசிவு இருந்தால் தெரியும் என்று இணைப்பருகே கையை வைத்துப் பார்த்தார். எதுவும் சீறவில்லை.

அடுத்த கான்வாயில் போனோம். ஏற்றங்களில் ஜீப் இழுத்தது. நாற்றம் இல்லை. ஆனாலும் கண்ணாடியை ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை. தங்கை கண்ணயர்ந்தாள். வண்டிப் புகையை மூச்சில் இழுத்தவர்களும் இப்படித்தான் மயங்குவார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. தோளைத் தொட்டு எழுப்பினேன். மறுபடி தூங்கினாள்; மறுபடி எழுப்பினேன். காடு முடிந்து சோதனைச் சாவடி தெரிந்தபோதும் என் கை அவள் தோளில்தான் இருந்தது.

"அக்கா, தூக்கந்தான் வருது," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "விடு."