புந்தோங் கருப்பம்மாளின் ஏர்கோன்

கருப்பம்மாளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமே கிடையாது. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், சாயம் பூசியிருக்கிறானா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுச் செல்லாயி கருவேப்பிலை கேட்டு வந்தால், அவள் கண் எங்கெங்கே மேய்கிறது என்று கவனிப்பாள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே அப்படித்தான். தன் பால் வாளியை விட்டு ஒரு எட்டு நகர மாட்டாள். தோட்டத்தை விட்டு ஈப்போ புந்தோங்குக்குக் குடிவந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு அந்தச் சந்தேகமும் லாரி ஏறி வந்துவிட்டது.

மகன் அர்ச்சுனனுக்கு டயர் தொழிற்சாலையில் நிரந்தர இரவு வேலை. பகலில்தான் தூங்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பகல் தூக்கமா? ஐயோ, வெந்துபோவான்! அதனால்தான் பழைய தோட்டத்துத் துரை பங்களாவை இடித்தபோது, அங்கே கிடந்த, சன்னலில் மாட்டும் குளிர்சாதனப் பெட்டியை, ஏர்கோனை, வாங்கி வந்து தன் அறையில் மாட்டினான். முகப்பில் ஒரு வரிசைப் பொத்தான்கள், பக்கத்தில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகு. அந்த ஆவணியில்தான் சித்தியவானிலிருந்து மங்களம் அவனுக்கு மனைவியாக வந்திருந்தாள்.

ஆயுத பூசை வந்தது. தேங்காய்த் துருவி, அரிவாள்மனை, மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கருப்பம்மாள் ஏர்கோனை மட்டும் விடுவாளா? சூடம் காட்டிக் கும்பிட்டாள். மகனைத் தூங்க வைக்கிற சாமியல்லவா அது!

தீபாவளி கழிந்ததும் ஏர்கோன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. குளிர்ப் பொத்தானை அமுக்கினால் வெளியே துள்ளிவிடும். இன்னொரு நாள் உள்ளே போனது வரவே வராது. திருகைத் திருப்பினால் பாதியில் நிற்கும். அர்ச்சுனன் வியர்த்து எழுந்து தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பான்.

கருப்பம்மாளுக்கு உடனே மங்களத்தின் மேல் சந்தேகம். 'இவ வர்ற வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சி? மவன் உடம்பு கெட்டா, சித்தியவானுக்கே இழுத்துட்டுப் போயிடலாம்னு பாக்கிறாளோ?' கண்ணேறாகவும் இருக்கலாம் என்று, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போட்டு, ஏர்கோனுக்குப் புதிதாகப் பொட்டும் வைத்தாள். ஏர்கோன் இன்னும் மோசமானது.

ஒரு காலை அர்ச்சுனன் இடது கை விரல்களில் கட்டோடு வந்தான். தூக்கக் கலக்கத்தில் எந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டானாம்.

"நல்லவேள, நசுங்கினதோட போச்சிம்மா," என்றான்.

கருப்பம்மாள் கட்டுக்கு மேலாகவே விரல்களை எண்ணிப் பார்த்தாள். அடுத்த முறை விரலே போய்விட்டால்? அன்றிலிருந்து மங்களத்தின் நிழலாகத் திரிந்தாள். மறுநாளே கண்டும் விட்டாள். மகன் குளிக்கப் போன நேரத்தில், மங்களம் ஏர்கோன் முன்னால் குனிந்து, பொத்தான் இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எம்மவன் கைய முடிச்சிட்டுத்தான் ஓய்வியா?"

மங்களம் திடுக்கிட்டுத் திரும்பினாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பையில் துணியை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"நான் சித்தியவானுக்கு, எங்கண்ணன் வீட்டுக்கே போயிடுறேன்," என்று அழுதாள்.

ஈரத் தலையோடு ஓடி வந்த அர்ச்சுனன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. மொதல்ல ஏர்கோன ஆள் வச்சிப் பாப்போம்லா," என்று சொல்லி, சந்தை முனையில் ஏர்கோன் பழுது பார்க்கும் பத்துமலையைக் கூட்டி வந்தான்.

கருப்பம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிட்டால்? பத்துமலை ஒயரைப் பார்த்தான், சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செம்புக் குழாயைத் தடவிப் பார்த்தான், அதுவும் நன்றாக இருந்தது. கடைசியில் முகப்பைக் கழற்றிப் பொத்தான்களை உருவினான். மஞ்சளும் சிவப்புமாய்க் கட்டி கட்டியாக உதிர்ந்தது. திருகின் தண்டிலும் அதுவே அப்பியிருந்தது.

பத்துமலை முகர்ந்து பார்த்தான். "அலாமாக்! சந்தனம், குங்குமம். ஏங்கக்கா, பொத்தான் மேலயா பொட்டு வைப்பாங்க? வழிஞ்சி உள்ள போயி காஞ்சி இறுகிடுச்சி. யாரோ கொஞ்சம் கொஞ்சமா நோண்டி எடுத்திருக்காங்க. அதனாலதான் இத்தன நாளாச்சும் ஓடியிருக்கு."

கருப்பம்மாள் கீழே குனிந்தாள். தரையில் கிடந்த ஈர்க்குச்சியின் நுனி மஞ்சளாக இருந்தது. ஆயுத பூசையன்று தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒன்று விடாமல் பொத்தானுக்குப் பொத்தான் அப்பிய அதே சந்தனம். அதற்கு மேல் வாராவாரம் அப்பியதும் அவளேதான்.

பத்துமலை போனபின் மருமகளிடம் போய் நின்றாள். "ஏன்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வச்ச பொட்டத் தொடச்சா சண்டைக்கு வருவீங்கன்னு பயந்தேன். அதனாலதான் உங்களுக்குத் தெரியாம நோண்டி எடுத்தேன். சரி, நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அத்தை?"

கருப்பம்மாள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மாட்டேன்," என்றாள்.

அறைக்குள் ஏர்கோன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி தூங்கிவிட்டிருந்தான். கருப்பம்மாள் கட்டிலடியில் இருந்த பையை இழுத்து, மங்களத்தின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலிப் பையைத் தன் அறைக்குக் கொண்டுபோய்த் தகரப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது என் பையி அத்தை."

"இங்கயே இருக்கட்டும்," என்றாள் கருப்பம்மாள். "உன்ன நம்ப முடியாதுடி. நான் அசந்த நேரம் பாத்துப் போயிடுவ."