கூட்ஸ் வண்டி போகும் வரை

வண்டி வருவதை எங்கள் காதுக்கு முன்னால் வீட்டு டம்ளர்கள்தான் அறியும். சமையல் மூலையில் பலகைமேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் மெல்லக் கிணுகிணுக்கும், பிறகு தரை உள்ளங்காலில் கூசும், அதற்கும் பிறகுதான் ஊதல் சத்தம் வரும். ஒக்கலிபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில், பின்கதவைத் திறந்தால் ஜல்லிக்கல்லில் கால் வைக்கலாம் என்கிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. வண்டி போகும்போது பேசுவது தொண்டைக்குத்தான் கேடு என்பதால் அந்த வரிசையில் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்கள். திட்டுவதும் அப்படித்தான். 'அறிவு கெட்ட' என்ற இடத்தில் வண்டி வந்துவிட்டால், கடைசிப் பெட்டி போகும்வரை அம்மா கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு 'கழுதை' என்று முடிப்பாள். அந்த இடைவெளியில் நழுவி ஓடிவிடலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுகோடியிலிருந்து முதல்முறை வந்த சித்தி ஒருத்தி, "இன்னாடி இது, எல்லாரும் போட்டோக்கு நிக்கிறா மாதிரி நின்னுட்டீங்க?" என்று பயந்தே போனாள்.

எங்கள் பள்ளிக்கூடமும் அதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான் இருந்தது. ஏழாம் வகுப்பு வரைதான் அங்கே உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, என் அக்கா மல்லிகா ஏழாவதும் நான் ஐந்தாவதும் படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர் நாடகப் போட்டி என்று ஓர் அறிவிப்பு வந்தது. நடத்துகிறவர்கள் ஓர் அறக்கட்டளைக்காரர்கள். ஊருக்கு வெளியே விடுதியோடு உயர்நிலைப் பள்ளி ஒன்றும் வைத்திருந்தார்கள். முதல் பரிசு வாங்கும் நாடகத்தில் முக்கிய வேடம் போடும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இலவச இடம், பத்தாவது வரை சாப்பாட்டோடு. சரோஜா டீச்சர் அதை வகுப்பில் படித்துக் காட்டியபோது, மற்றவர்கள் கோப்பையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அக்கா விடுதியைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

காரணம் இருந்தது. அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். சிட்டி ஸ்டேஷனில் பார்சல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவர் படியில் விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டிருந்தார். மைசூர் ரோட்டில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு, எங்கள் வழக்கில் 'கம்பெனிக்கு', அம்மா மட்டும் போய்க்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வயதைக் கூட்டிச் சொல்லி நூல் வெட்டும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சூப்பர்வைசரிடம் பேசியும் வைத்திருந்தாள். நாடகத்தைப் பற்றி அக்கா வீட்டில் சொன்ன அன்று அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"பரிசு வந்தா போட்டும், நான் வேணான்னு சொல்லல. இல்லாங்காட்டி ஜூன்ல எங்கூட கம்பெனிக்கு வந்துடணும். அப்புறம் அழுவக் கூடாது, சொல்ட்டேன்."

அக்கா சரி என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே கதவு.

நாடகத்தை டீச்சரே எழுதினார். தெருக்குழாய் ஒன்றை மூட வரும் அதிகாரியிடம் ஒரு பெண் மன்றாடுவதுதான் கதை. எங்கள் தெருவில் பேசுகிற மாதிரியே பாதி தமிழும் பாதி கன்னடமுமாக வசனம். அக்காதான் அந்தப் பெண். நான் வரிசையில் குடத்தோடு நிற்கிற நான்கைந்து பேரில் ஒருத்தி; எனக்கு வசனமே கிடையாது, இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு கவலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்குப் பின்னால் வேலியோரம் ஒத்திகை நடக்கும், அங்கேயும் வண்டி வரும். பயணிகள் வண்டி வந்த வேகத்தில் போய்விடும். 'கூட்ஸ்' வந்தால்தான் வம்பு, முடிவே இல்லாமல் பெட்டி பெட்டியாக ஊர்ந்துகொண்டிருக்கும். கலைந்து போனால் பிள்ளைகள் இடத்தை மறந்துவிடுகிறார்கள் என்று டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். "வண்டி போற வரைக்கும் அப்படியே நில்லுங்க. தூக்கின கை தூக்கினபடி இருக்கணும்" என்பார். தன் கைக்கடிகாரத்தை மற்றக் கையால் பொத்திக்கொள்வார். வண்டி நேரத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார். போட்டியில் இருபது நிமிடம் தாண்டக் கூடாது என்பது விதி. வண்டியைக் கழித்தால் எங்கள் நாடகம் அதற்குள் கச்சிதமாக முடிந்தது.

போட்டி மல்லேஸ்வரம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அத்தனை பெரிய மேடையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. முன்வரிசையில் சிவப்புத் துணி போட்ட மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதர் ஜிப்பாவும் நரைத்த தாடியுமாக இருந்தவர் கன்னட நாடகங்களை இயக்குகிறவர். பெரிய பொட்டு வைத்திருந்த அம்மாள் நடனப் பள்ளி நடத்துகிறவர். மூன்றாமவர் சினிமாவில் இன்ஸ்பெக்டர் வேடம் போடுகிறவர் என்பதால் பிள்ளைகள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் ஒருவர் கடிகாரமும் மணியுமாக இருந்தார். முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி அடித்தால் நேரம் முடிந்தது என்று பொருள்.

அக்கா அன்று நடித்ததைப் போல அதற்கு முன் நடித்ததில்லை. என் கூடப் பிறந்தவள் என்பதால் சொல்லவில்லை. மண்டபத்தில் இருமல் சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது. அதிகாரி வேடம் போட்ட பையன் குழாயைக் கழற்றக் கை வைக்கிறான், அக்கா குறுக்கே வந்து கையை நீட்டி, "நாங்க கேக்கறது ஒரு கொடம் தண்ணிதான் சாமி, அதுக்குக்கூட" என்றாள். அந்த இடத்தில், எங்கோ தூரத்தில், ஊதல் கேட்டது.

எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற அதே பாதைதான் மல்லேஸ்வரம் பக்கமும் போகிறது. மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் நூல்போல மெலிந்து வந்த சத்தம் அது. அக்கா நின்றாள். அதிகாரி நின்றான். இடுப்புக் குடத்தோடு நாங்கள் எல்லோரும் நின்றோம். யாரும் யாரையும் பார்த்து நிற்கவில்லை, யோசித்தும் நிற்கவில்லை. உடம்பு அதுவாக நின்றது. அது கூட்ஸ். அந்த மெல்லிய தடதடப்பு பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. என் கை மரத்துப் போயிற்று, ஆனாலும் குடத்தை அசைக்கவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் வசனத் தாளோடு இருந்த சரோஜா டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் பழக்கம் போல் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு, "எங்களுக்கு வழியில்லையா?" என்று அக்கா முடித்தாள். மண்டபம் அப்படிக் கைதட்டியது. கைதட்டலுக்குள்ளேயே முதல் மணி அடித்தது. கொஞ்சம் சீக்கிரமாக அடிக்கிறார்களே என்று நினைத்தோம். கடைசிக் காட்சியின் நடுவில் இரண்டாம் மணியும் அடித்தது. ஒன்றும் புரியாமல், ஆனால் ஒரு வரியும் விடாமல், முடித்துவிட்டு வந்தோம். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

பரிசு அறிவிக்கும் முன் நடுவர்கள் பேசுவது வழக்கம். தாடிக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்து, பெரிய நாடகக் குழுக்களே செய்யத் தயங்குவதை இன்று ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள் என்றார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஓர் ஏழைப் பெண்ணின் தொண்டையில் சொல் சிக்கிக்கொள்வதையும் ஊரே அவளோடு உறைந்து போவதையும் அந்த நீண்ட மௌனம் காட்டிவிட்டது என்றார். "ஆ மௌன தும்ப சென்னாகித்து" என்று, அந்த மௌனம் மிக நன்றாக இருந்தது என்று, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடனக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். விடுதி கிடைத்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, முதல் பரிசு, எதிலும் எங்கள் பள்ளி இல்லை. நேரம் தாண்டிய நாடகம் பரிசுக்குரியது அல்ல என்று மணிக்காரர் ஒரு வரி வாசித்தார், அவ்வளவுதான். எங்களுக்குப் பாராட்டு வாங்கித் தந்த மௌனமே நேரத்தையும் தின்றுவிட்டிருந்தது.

அக்கா என் கையை விட்டுவிட்டு நேராக நடுவர்களிடம் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். எங்களைப் பார்த்ததும் சினிமாக்காரர், கையெழுத்துக்குத்தான் வருகிறோம் என்று நினைத்து, சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் எரிகிறது, பாவம், அவர்மேல் குற்றமில்லை என்றாலும். அக்கா தாடிக்காரரின் முன்னால் கைகூப்பினாள்.

"சார், அது நடிப்பு இல்ல சார். ரயிலு ஹோய்த்து சார். ரயில் போச்சு, அதான் நின்னோம். அந்த நேரத்தக் கழிச்சிப் பாருங்க சார், சரியா இருக்கும்."

"ரயிலா? யாவ ரயிலு?" என்றார் அவர்.

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எந்த ரயில் என்று நடனக்கார அம்மாளிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் அந்த வண்டியைக் கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் நின்ற பிள்ளைகளின் கையசைவையும் குரலையும் அளந்து பார்க்கத் தெரிந்த மூன்று கலைஞர்களுக்கு, எங்கள் வாழ்க்கை முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை. அக்கா திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சரோஜா டீச்சர் ஓடிவந்து, தப்பு என்னுடையது, நான்தான் அப்படிப் பழக்கினேன் என்று அழுதார். அக்கா சட்டென்று தாடிக்காரரின் காலில் விழப் போனாள், அவர் பதறிப் பிடித்து நிறுத்தினார். அவர் மணிக்காரரிடம் ஏதோ வாதாடியதும் உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணிக்காரர், "ரூல்ஸ் அந்த்ரெ ரூல்ஸ் சார்" என்றார். விதி என்றால் விதி. தாடிக்காரர் அக்காவின் தலையில் கைவைத்து, "நீ பெரிய நடிகையாவே, மகளே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆசீர்வாதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

வீடு வந்தபோது அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைனா மட்டும் படுத்தபடியே, "இன்னாமா ஆச்சு?" என்றார். அக்கா வாயைத் திறந்தாள். டம்ளர்கள் கிணுகிணுக்கத் தொடங்கின. வண்டி போகும்வரை நான்கு பேரும் அப்படியே இருந்தோம். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. வண்டி போனதும், "வரல நைனா" என்றாள்.

ஜூனில் அவள் கம்பெனிக்குப் போனாள். போன முதல் வாரத்தில் கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது, சாக்கில் சுற்றிய ஒரு தகரப் பெட்டி என் துடைப்பத்தில் இடித்தது. சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. துருவைச் சுரண்டி எடுத்து, மூடியில் 'மல்லிகா' என்று பெயிண்டால் எழுதியும் இருந்தது. போட்டிக்கு முன்பே அம்மா வாங்கி வைத்திருக்கிறாள். வேலைக்கு வா என்று அத்தனை கறாராகச் சொன்ன அதே அம்மா, விடுதிக்குப் பெட்டியும் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். நான் சாக்கை மறுபடி சுற்றி அதே இடத்தில் தள்ளிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, அக்கா தைத்த சட்டைகளின் புண்ணியத்தில் நான் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனபோது, அந்தப் பெட்டியைத்தான் எடுத்துப் போனேன். மூடியில் இருந்த பெயரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் பாதிப் பேர் என்னை மல்லிகா என்றே கூப்பிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டு வரிசை இல்லை. ரயில்பாதையை அகலப்படுத்தவும் சாலை போடவும் இடித்துவிட்டார்கள். அம்மாவும் நைனாவும் இல்லை. டம்ளர்கள் யார் வீட்டுக்குப் போயின என்று தெரியாது. அக்கா ஓசூர் ரோட்டைத் தாண்டி, ரயில் சத்தமே எட்டாத ஓர் இடத்தில் மகனோடு இருக்கிறாள். நான் வேலை செய்யும் அலுவலகம் வாங்கிக் கொடுத்த கடனில் கட்டிய என் வீடு, அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், மெட்ரோ பாதைக்கு எதிரே. நாங்கள் தினமும் தொலைபேசியில் பேசுவோம். என் பக்கம் மெட்ரோ கடந்தால் அந்தப் பக்கம் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை.

அந்தப் போட்டியைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. போன மாதம் ஒருநாள் ஏனோ கேட்டுவிட்டேன், உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா அக்கா என்று. அவள் சிரித்தாள்.

"இல்லாம பின்ன? அன்னிக்கு மட்டும் நான் நிக்காம பேசியிருந்தா"

மெட்ரோ வந்தது. அக்கா நிறுத்தினாள். நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். இந்த வண்டி கூட்ஸ் மாதிரி இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். போயும் விட்டது. அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது.

"சாப்ட்டியாடி?" என்றாள் அக்கா.