மேட்ரனுக்கு ஒரு பெஞ்சு

இங்கிலாந்தில், டார்செட் பக்கத்து அந்த விடுதிப் பள்ளியில் பெரில் டக்கெட்டைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பையன்களின் உடம்பையும் படுக்கையையும் கவனித்துக்கொண்ட அவள், எல்லோருக்கும் 'மேட்ரன்'தான். பிரபு குடும்பம் விற்றுவிட்டுப் போன மாளிகை, மான் மேயும் பூங்கா, நடுவே வீட்டு ஞாபகத்தில் தலையணை நனைக்கும் பையன்கள். அழுகிறவனுக்குச் சூடாகப் பால். கணக்குப் பரீட்சையன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு வேறு வைத்தியம்.

"வலியாடா? நாக்கை நீட்டு. ம், பொய் நல்லா வெள்ளையா படிஞ்சிருக்கு. ஓடு!"

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் எங்கே? சலவைக்கூடத்து மாடியில் பள்ளி கொடுத்த இரண்டு அறைதான் வீடு. ஜூலையில் ஓய்வு, அதோடு அறையும் போகும். வெளியே வாடகை விற்கிற விலைக்கு அவள் பென்ஷன் எந்த மூலைக்கு?

பூங்கா வாசலில் பழைய காவல்காரர் குடில் பூட்டியே கிடந்தது. ஆனால் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு ஏது? தலைமையாசிரியர் ஃபேர்லியிடம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு, "அந்தக் குடில் பாவம், சும்மா கிடக்கு சார்" என்றாள்.

"உங்களை அப்படியே விட்டுடுவோமா மேட்ரன்? பரிசளிப்பு நாள்ல பாருங்க!" என்று அவர் கண் சிமிட்டினார்.

போதாதா? பைத்தியக்காரி, குடில் ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

பரிசளிப்பு நாளும் வந்தது. தொப்பி வைத்த தாய்மார்கள், ஸ்ட்ராபெரி, கிரீம். ஓக் மரத்தடியில் துணி போர்த்திய ஏதோ ஒன்று. ஃபேர்லி துணியை இழுத்தார். பெஞ்சு! பித்தளைத் தகட்டில், 'பெரில் டக்கெட். இந்த இடத்தை நேசித்தவர்.'

அங்கே செத்தவர்களுக்குத்தான் இப்படி எழுதி வைப்பார்கள். படித்த கூட்டம், ஒருத்தருக்காவது உறைக்க வேண்டாமா? கைதட்டல் காதைப் பிளந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க மேட்ரன்!"

"பெஞ்சு அழகா இருக்கு சார். காலை நீட்டிப் படுக்க நீளமும் போதும். குளிர்காலத்துக்குப் போர்வை மட்டும் கொண்டுவந்துக்கிறேன்."

கூட்டமே குலுங்கிச் சிரித்தது. மேட்ரன் வாய்க்கு ஈடு உண்டா! அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களின் சிரிப்பும் மெல்ல அடங்கியது. ஃபேர்லியின் முகம் வெளுத்தது.

"மேட்ரன்... இனிமே நீங்க எங்க இருக்கப் போறீங்க?"

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"அந்தக் குடிலைக் குடுங்க சார். நான் இன்னும் சாகலை."