நான் படித்துச் சொன்ன பக்கம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில், கிணற்றுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே, சக்கரம் கழற்றிய ஒரு பிக்கப் வண்டி செங்கல் அடுக்குகளின் மேல் மூன்று வருஷம் நின்றது. பட்டாளத்து ஏலத்தில் போய்ப் பல கை மாறி வந்த வண்டி. யாரோ அதன் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். அதுவும் இறுகிப்போயிருந்தது. லாரிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி அதை உத்திரமேரூருக்கு இழுத்து வந்தவர் என் அண்ணன்.

அண்ணன் லாரி டிரைவர். பாரம் இறக்கும்போது கருங்கல் சரிந்து காலில் விழுந்ததிலிருந்து சாய்ந்து சாய்ந்து நடந்தார். வண்டி ஓட்ட அது தடையில்லை. ஆனால் அந்த நடையைப் பார்த்த முதலாளிகள் யாரும் அவருக்கு வேலை தரவில்லை. அம்மாவோடு சேர்த்து நாலு பேர் கொண்ட வீடு என் உபாத்தியாயர் சம்பளத்தில் நடந்தது. அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. "கொழுந்தன் சம்பாத்தியத்துல எத்தினி நாளு கை நனைக்கறது? உன் வண்டி ஓடட்டும், நீயே வந்து இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு ஐயங்கார்குளத்துத் தாய்வீட்டுக்குப் போனார். சண்டையோ அழுகையோ இல்லை. அதனாலேயே அண்ணன் அந்தச் சொல்லை அப்படியே நம்பினார்.

வண்டியை அவர் அங்குலம் அங்குலமாக மீட்டார். ஒரு கோடை முழுவதும் துருவைச் சுரண்டினார். எஞ்சினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்பி வைத்தார். ஒவ்வொரு சாமானுக்கும் சென்னைக்கு ஆள் போய்வர மாதங்கள் ஆயின. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, "இன்னா டிரைவரே, இன்னிக்கி எந்த ஊரு டிரிப்பு?" என்பார். "செங்கல்லு தேயற வரைக்கும் ஓட்டுவேன், உனுக்கு இன்னா பேஜாரு?" என்பார் அண்ணன், தலை நிமிராமல்.

என் பங்கு, எஞ்சினோடு வந்த இங்கிலீஷ் கையேட்டைப் படித்துச் சொல்வது. நான் பி.ஏ. இலக்கியம் படித்தவன். எஞ்சின் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியாது என்பதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

எஞ்சினின் மேல்மூடியைப் பொருத்திய அன்று சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. 'ஹெட்' என்பார்கள் அதை. அதற்குக் கீழே புதிய செப்புத் தகட்டை ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். மேலே பதினான்கு நட்டுகள். ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு, "எந்த நட்டு மொதல்லன்னு போட்டுகீது?" என்று கேட்டார். கையேட்டின் அந்தப் பக்கத்தில் மசி மங்கிய ஒரு படம், கீழே மூன்று வரி. எனக்கு விளங்கவில்லை. "முன்னாலேர்ந்து வரிசையா இறுக்கிக்கினு போவச் சொல்றான்" என்றேன்.

அண்ணன் கை தயங்கியது. "எங்க லாரி ஷெட்டு மேஸ்திரி நடுவுலேர்ந்துதான் முடுக்குவாரு. கொஞ்சம் கொஞ்சமா, சுத்திச் சுத்தி."

"அது அவரு பழக்கம். இது புஸ்தகம்."

"அதுவும் சரிதான். நீ படிச்சவன்" என்று சொல்லி முதல் நட்டில் ஸ்பானரைப் போட்டார்.

வண்டி கிளம்பியது. ஊரைச் சுற்றி நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அண்ணியை அழைக்கப் புறப்பட்டோம். ஐயங்கார்குளத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அண்ணி தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பின்னால். நாலு மைல் வந்திருப்போம். எஞ்சின் தடுமாறி, வெள்ளைப் புகை கக்கி, நின்றது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "பொண்ணுக்குத் தாய்வூட்ட வுட்டுப் போவ மனசில்ல போலகீது, வண்டிக்குத் தெரிஞ்சிப் போச்சி!" என்று கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"நடந்தே வர்றேன், பெட்டிய மட்டும் தம்பி தூக்கட்டும்" என்றார் அண்ணி.

"வேணாம். வண்டியில இட்டுக்கினு போறேன்னு சொன்னேன். சரி பண்ணிக்கினு வர்றேன். நீ வூட்டுக்குப் போ."

சைக்கிளில் எதிரே வந்த தன் ஊர்க்காரர் ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்து, அண்ணி திரும்பி நடந்தார். இரண்டு தரம் நின்று பார்த்தார்.

வண்டியை ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். மறுநாள் அண்ணன் மூடியைத் திறந்தார். தகடு ஒரு ஓரத்தில் வெந்திருந்தது, மூடியே வளைந்திருந்தது. "என் கை சமமா முடுக்கல" என்றார். நான் உள்ளே போய், அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, பல சுற்று. அவருடைய மேஸ்திரி சொன்னதேதான். பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வளைந்த மூடியைப் பட்டறையில் கடைந்து மட்டமாக்கி வரவும் புதுத் தகடு கிடைக்கவும் ஒன்றரை வருஷமாயிற்று. மறுபடி நட்டு முடுக்கும் நாளில் அவர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தைக் காணோம், எலி கடித்திருக்கும் என்றேன். "அப்ப என் கைக்குத் தெரிஞ்ச மாதிரி முடுக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த மூடியைத் திறக்கவே நேரவில்லை. வண்டி நெல்லும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஐயங்கார்குளத்துக்குப் போகவில்லை. அம்மா கேட்டபோது, "நடந்தே வர்றேன்னவள நான்தானே தொரத்துனேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்புடறது?" என்றார். அம்மா இருந்தும் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். சாயங்காலங்களில் ஓட்டத்துக்கு அவசியமே இல்லாத ஏதாவது ஒன்றைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

பின்னொரு சமயம் பரீட்சை வேலையாகக் காஞ்சிபுரம் போனபோது அண்ணி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் மோர் கொடுத்தார்.

"வண்டி ஓடுதா, தம்பி?"

"ஓடுது, அண்ணி."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

மேலே ஏதாவது சொல்வேன் என்று வாசற்காலைப் பிடித்தபடி நின்றார். என் தப்பால் நின்ற வண்டி அது, அண்ணன் தன் கை தப்பென்று வெட்கப்பட்டுக் கிடக்கிறார், நீங்கள் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் அண்ணி அன்றைக்கே பெட்டியை எடுத்திருப்பார். படித்த வாத்தியார் தப்பாகப் படித்தார் என்று ஊர் சொல்லுமே என்று இருந்தது எனக்கு. இருவரும் இன்று இல்லை. அதனால்தான் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மோரைக் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சி, அண்ணி" என்று எழுந்துவிட்டேன்.