தம்பியின் திக்கல்

என் தம்பிக்குச் சின்ன வயதில் வாய் திக்கும். 'ப'வில் தொடங்கும் சொல் எதுவும் லேசில் வராது. வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் பேசாமல் நிற்பான். ஆறு வயது மூத்தவளான நான் தினமும் அவனை உட்காரவைத்து நாளிதழைச் சத்தமாகப் படிக்க வைத்தேன். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் திக்கல் போய்விட்டது. கல்லூரியில் மேடையேறி எல்லாரையும் சிரிக்க வைக்கும் அளவுக்குப் பேச்சு வந்தது.

தொலைக்காட்சியில் முதல் நகைச்சுவை நிகழ்ச்சியன்று பயத்தில் வசனம் மறந்து, பழைய திக்கல் எட்டிப் பார்த்தது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்கு நிகழ்ச்சிகள் பிடித்துக் கொடுத்த மேனேஜர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

"இதுதான் மாப்ள ஒன் அடையாளம்."

"வேணாம்ணே. கஷ்டப்பட்டு விட்ட பழக்கம்ணே."

"விட்டதத் திரும்பப் புடி."

பிடித்தான். இரண்டே வருடத்தில் மதுரையில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறப் போனால் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். வெளியே எங்கேயும் சரளமாகப் பேசக் கூடாது என்பது மேனேஜரின் கட்டளை. எவனாவது வீடியோ எடுத்துவிட்டால் எல்லாம் போச்சாம். ஓட்டலில், போனில், கடைசியில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் திக்கினான்.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு மேனேஜர் வந்தபோது நான் சண்டை போட்டேன். "அக்கா, நீங்க பாசத்துல பேசுறீங்க. நான் இவன் வாழ்க்கையப் பாக்குறேன்" என்றார். தம்பி ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். மேனேஜரும் வந்தார். பெண்ணின் அப்பா, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றார். தம்பி எழுந்து நின்றான்.

"எனக்குப் பொ... பொ... பொ..."

கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "இங்கயும் விடல பாரு!" என்று மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். விளையாட்டுப் பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள்.

பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேனேஜர் தன் வண்டியில் போய்விட, காரில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "ந... நடிக்கலக்கா. நெசமாவே வருது."

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆறு மாதம் மேடையை விட்டுவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஒரே ஒரு நாள் போனான். "திக்கல் போயிட்டா நீ யாரு மாப்ள?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அதோடு நின்றுவிட்டான். நான் கெஞ்சியதற்கு, 'அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்கா' என்று போனில் எழுதி அனுப்பினான். என்னிடம் பேசுவதையும் அப்போதே நிறுத்திவிட்டான்.

போன மாதம் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் அவன் நிகழ்ச்சி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, அதை விடவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல், கண் கலங்கி நின்றான். கைதட்டல் அடங்கவே இல்லை. பக்கத்து நாற்காலிப் பெண் என் தோளைத் தொட்டு, "எம்புட்டுத் தத்ரூபமாப் பண்றாரு பாத்தீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.